வின்னரெட்டா சிங்கர்: தையல் மெஷின் பணத்தில் பிறந்த இசை

"பெரும் சொத்துக்கு வாரிசாகப் பிறந்து, விருந்தும் விழாவுமாக வாழ்ந்து, கலைஞர்களுக்கும் பணம் கொடுத்த சீமாட்டிகள் மேலை நாடுகளில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது கலையின் போக்கை உண்மையிலேயே மாற்றினாரா? இல்லை, பணம் இருந்தது, பெயர் கிடைத்தது, அவ்வளவுதானா?" இதுதான் கேள்வி.

மாற்றியவர்கள் உண்டு. ஒரே ஒருவரைச் சொல் என்றால் நான் வின்னரெட்டா சிங்கரைச் சொல்வேன். பாரிஸில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் பொலின்யாக் இளவரசி. தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வரிசையில் வழக்கமாக முதலில் வரும் பெயர்கள் வேறு. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் ஐரோப்பிய ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கி, அவற்றுக்காகவே ஒரு மாளிகை கட்டி 1903இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். டைட்டானிக் கப்பலில் தந்தையை இழந்த பெக்கி குகன்ஹைம், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நாட்களில் பாரிஸில் ஓவியங்களை வாங்கிக் குவித்தார். பின்னர் நியூயார்க்கில் ஜாக்சன் பொல்லாக்குக்கு மாதாமாதம் பணம் கொடுத்து வரைய வைத்தார். இருவருமே பெரிய காரியம் செய்தவர்கள்தான். ஆனாலும் அவர்கள் செய்ததில் பெரும்பகுதி, ஏற்கெனவே உருவாகிவிட்ட படைப்பின் மதிப்பை அறிந்து அதை வாங்கியது. வின்னரெட்டா செய்தது வேறு. இன்னும் எழுதப்படாத இசைக்கு அவர் பணம் கொடுத்தார். எப்படிப்பட்ட இசை வேண்டும், எத்தனை வாத்தியம் வேண்டும் என்றும் சொன்னார். எழுதி முடித்ததும் அதை வாசித்துக் காட்ட ஒரு கூடத்தையும் கேட்பதற்கு ஆட்களையும் தயாராக வைத்திருந்தார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிறந்த முக்கியமான இசைப் படைப்புகளில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவை இந்த ஒரு பெண் கேட்டதால் எழுதப்பட்டவை.

முதலில் அந்தப் பணம் வந்த வழி.

தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை, கறுப்பு இரும்பு உடலில் தங்க நிறப் பூவேலை செய்த, காலால் மிதிக்கும் சிங்கர் மெஷின் ஒரு மூலையில் நின்றிருக்கும். இலங்கையில் சிங்கர் நிறுவனம் 1877லேயே கால் பதித்துவிட்டது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஐசக் மெரிட் சிங்கர், வின்னரெட்டாவின் தந்தை. ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட நடிகர் அவர். 1850இல் பாஸ்டனில் ஒரு பட்டறையில், லெரோ, பிளாட்ஜெட் என்ற இருவர் உருவாக்கியிருந்த தையல் மெஷினின் குறைகளைப் பார்த்துத் திருத்தி, 1851இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். அவருடைய கூட்டாளியான வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க் கொண்டுவந்ததுதான் தவணை முறை. மொத்தப் பணமும் கையில் இல்லாத குடும்பம்கூட மாதாமாதம் கட்டி மெஷின் வாங்கலாம் என்றானதும் வியாபாரம் உலகம் முழுக்கப் பரவியது.

இந்த மனிதரைப் பற்றி காந்தி ஒரு அழகான கதையை நம்பினார். 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியிடம் கேட்டார். பின்னாளில் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர் அவரேதான். சிங்கர் மெஷினுக்கு மட்டும் காந்தி விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். இயந்திரத்தைப் பற்றிய காந்தியின் மதிப்பீடு சரி. அந்த மெஷின் எத்தனையோ பெண்களுக்குச் சம்பாத்தியம் கொடுத்தது. குடும்பத்தைப் பற்றிய கதை மட்டும் சரியில்லை. சிங்கருக்குப் பல பெண்கள் மூலம் 24 குழந்தைகள். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை வெவ்வேறு பெயர்களில் நடத்திவந்தார். விஷயம் வெளியே வந்ததும் நியூயார்க்கை விட்டே ஐரோப்பாவுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. பாரிஸைச் சேர்ந்த இசபெல்லா போயேரை 1863இல் திருமணம் செய்துகொண்டார். வின்னரெட்டா 1865 ஜனவரி 8 அன்று நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் பிறந்தார். 24 பேரில் அவர் 20ஆவது என்று கணக்கிடுகிறார்கள்.

தந்தை இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் ஒரு பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கி, அது முடிவதற்குள் 1875இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்றது சுமார் 1.3 கோடி டாலர். அந்தக் காலத்து 1.3 கோடி. பத்து வயது வின்னரெட்டாவுக்கும் அதில் பெரிய பங்கு.

தாய் பாரிஸுக்குத் திரும்பி மறுமணம் செய்துகொண்டார். புதிய கணவர் இசை தெரிந்தவர், ஸ்ட்ராடிவாரி வயலின்களைச் சேர்த்தவர். வீட்டில் தொடர்ந்து கச்சேரி நடக்கும், பீத்தோவனின் நால்வர் இசை, அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ மட்டும் வைத்து எழுதியவை, திரும்பத் திரும்ப ஒலிக்கும். 14ஆவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது வின்னரெட்டா நகையோ உடையோ கேட்கவில்லை. பீத்தோவன் கடைசிக் காலத்தில் எழுதிய நால்வர் இசை ஒன்றைத் தனக்காக வாசிக்கச் சொன்னார். அந்தக் கடைசிப் படைப்புகளைப் புரியாத இசை என்று பெரியவர்களே ஒதுக்கிய காலம் அது. பிற்காலத்தில் இந்தப் பெண் எதற்கெல்லாம் பணம் கொடுத்தார் என்பதற்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருடைய காது பணத்தால் வந்ததல்ல. பணம் அந்தக் காதுக்குப் பின்னால்தான் போயிற்று.

அவர் பியானோவும் ஆர்கனும் நன்றாக வாசிப்பார். ஓவியமும் முறையாகக் கற்றார், மானேயின் படங்கள் என்றால் உயிர். மோனேயின் ஓவியங்களை அவை இன்னும் கேலி செய்யப்பட்ட காலத்திலேயே வாங்கினார். வான்கோழிகள் மேயும் மோனேயின் பெரிய படம் ஒன்று இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது இவர் உயில் மூலம் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்தது.

22 வயதில் ஒரு பிரபு குடும்பத்து இளவரசரோடு திருமணம். வின்னரெட்டாவுக்கு ஈர்ப்பு பெண்கள் மேல். முதலிரவில் அலமாரி மேல் ஏறி நின்றுகொண்டு குடையை ஓங்கினார் என்று பாரிஸ் முழுக்க ஒரு கதை உலவியது. கதை எவ்வளவு நிஜமோ, திருமணம் நிலைக்கவில்லை. 1892இல் திருச்சபையே அது செல்லாது என்று அறிவித்தது. ஆனால் திருமணம் நடந்த அதே 1887இல் அவர் செய்த இன்னொரு காரியம் நிலைத்தது. தன் சொந்தப் பணத்தில் பாரிஸின் 16ஆம் வட்டாரத்தில் ஒரு வீடு வாங்கினார். அதில் ஓவியம் வரைய என்று ஒதுக்கிய கூடமே இசைக்கூடமும் ஆயிற்று. மறு வருடமே, பாரிஸ் ஓபரா எடுத்துப் போடாமல் வைத்திருந்த ஷப்ரியேயின் 'க்வென்டோலின்' என்ற இசைநாடகத்தின் பகுதிகளை அந்தக் கூடத்தில் வாசிக்க வைத்தார். பெரிய அரங்குகள் கதவை மூடும் இசைக்குத் தன் கதவைத் திறப்பது என்ற பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

இரண்டாவது திருமணம் என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி. 1893 டிசம்பரில் எட்மோன் தெ பொலின்யாக் இளவரசரை மணந்தார். அவருக்கு 59 வயது, இவருக்கு 28. எட்மோன் பழைய பெரும் குடும்பம். அவருடைய தந்தை, பத்தாம் சார்லஸ் மன்னரின் பிரதமராக இருந்து 1830 புரட்சிக்குக் காரணமானவர். பட்டம் இருந்தது, பணம் இல்லை. எட்மோனும் தன்பாலினரை விரும்பியவர். இருவருக்கும் அது தெரியும். நண்பர்கள் கூடிப் பேசி நடத்திவைத்த ஏற்பாடு அது. ஊர் பேசியது என்னவோ "பட்டத்துக்குப் பணம், பணத்துக்குப் பட்டம்" என்றுதான்.

உண்மையில் அவர்களைச் சேர்த்து வைத்தது இசை. எட்மோன் இசையமைப்பாளர், ஜெர்மன் இசைமேதை பாக் மேல் பக்தி கொண்டவர். முழு சுரமும் அரை சுரமும் மாறி மாறி வரும் எட்டு சுர அடுக்கு ஒன்றை வைத்து, ஸ்ட்ராவின்ஸ்கியும் மற்றவர்களும் அதைப் பிரபலமாக்குவதற்கு வெகு முன்பே இசை எழுதிப் பார்த்தவர். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. வின்னரெட்டா அவருடைய படைப்புகளை நல்ல வாத்தியக்காரர்களை வைத்து வாசிக்க வைத்தார். மார்செல் ப்ரூஸ்ட் 1903இல் செய்தித்தாளில் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தத் தம்பதியைப் பற்றிச் சொல்கிறார்: ஹாலந்தின் துலிப் வயலை மோனே வரைந்த படம் ஒன்றை வாங்க எட்மோன் ஆசைப்பட்டார். யாரோ ஒரு அமெரிக்கப் பெண் அதிக விலை கொடுத்துத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அமெரிக்கப் பெண்ணைச் சபித்துக்கொண்டிருந்தவர் சில ஆண்டுகளில் அவரையே மணந்தார், படமும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வெனிஸில் கிராண்ட் கால்வாய் ஓரமாக ஒரு பழைய மாளிகையைப் பார்த்து எட்மோன் மயங்கியதும், 1900இல் வின்னரெட்டா அதை அவருக்காகவே வாங்கினார். மறு வருடமே எட்மோன் இறந்துபோனார். எட்டு வருட வாழ்க்கை. உடல் சேராத அந்தத் திருமணத்தில் இருந்த அன்பு, சேர்ந்த பல திருமணங்களில் இருந்திருக்காது.

சரி, இசைக்கு வருவோம்.

அவர் முதன்முதலில் பெரிதாகக் கேட்ட படைப்பு கைகூடவே இல்லை. 1891இல் கப்ரியேல் ஃபோரே இசையமைக்க, கவிஞர் வெர்லேன் எழுத, ஒரு மேடைப் படைப்பு வேண்டும் என்று கேட்டார். வெர்லேன் அப்போது குடியிலும் நோயிலும் மருத்துவமனையிலும் கழித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை எழுதித் தரவில்லை. ஆனால் அந்த வருடம் ஃபோரேயை வெனிஸுக்கு விருந்தினராக அழைத்தார் வின்னரெட்டா. அங்கே ஃபோரே வெர்லேனின் பழைய கவிதைகளை எடுத்துப் பாடல்களாக்கத் தொடங்கினார். வின்னரெட்டாவுக்குச் சமர்ப்பணம் செய்த அந்த ஐந்து பாடல்கள் பிரெஞ்சுப் பாடல் இசையின் உச்சங்களில் ஒன்று. ராவெல் இளைஞராக இருந்தபோது எழுதிய, இன்று உலகமெல்லாம் கேட்கும் 'மறைந்த இளவரசிக்கு ஒரு பவான்' என்ற பியானோ படைப்பும் இவருக்குத்தான் சமர்ப்பணம்.

முதல் உலகப்போர் நடந்தபோது அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. வாக்னரும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸும் நூறு வாத்தியங்களை வைத்து எழுதிய காலம் முடிந்தது, இனி இருபது பேருக்குள் வாசிக்கும் சின்ன ஆர்க்கெஸ்ட்ராவுக்கான இசை வேண்டும் என்று நினைத்தார். தன் நினைவுக்குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். இது வெறும் ரசனை அல்ல, இசையின் போக்கைச் சரியாகக் கணித்த பார்வை. போருக்குப் பின் ஐரோப்பிய இசை போன திசை அதுதான். அவர் அதை ஓரமாக நின்று பார்க்கவில்லை, அந்தத் திசையில் எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தார். அவருடைய நிபந்தனைகள் பொதுவாக எளியவை: கையெழுத்துப் படி தனக்கு, சமர்ப்பணம் தனக்கு, முடிந்தால் முதல் வாசிப்பு தன் வீட்டில். அதன்பின் படைப்பு இசையமைப்பாளருக்குச் சொந்தம். எந்த சுரத்தை மாற்று, எந்த வரியை நீக்கு என்று அவர் யாரிடமும் தலையிட்டதில்லை.

போரால் சுவிட்சர்லாந்தில் பணமில்லாமல் மாட்டிக்கொண்டிருந்த ஸ்ட்ராவின்ஸ்கியிடம் அவர் கேட்டது 'ரெனார்'. நரியும் சேவலும் வரும் ரஷ்ய நாட்டுக்கதை, நான்கு ஆண் குரல்கள், பதினைந்து பேர் அளவிலான வாத்தியக்குழு. 1916இல் எழுதி முடித்தார். 1922இல்தான் பாரிஸ் ஓபராவில் டியாகிலெவின் ரஷ்ய பாலே குழு அதை மேடையேற்றியது.

இசையமைப்பாளர் எரிக் சத்தியின் கதை இன்னும் நெருக்கமானது. பாரிஸின் புறநகரான ஆர்க்கேயில் யாரையும் உள்ளே விடாத ஒற்றை அறையில் வறுமையில் வாழ்ந்தவர் சத்தி. வின்னரெட்டாவுக்கு அந்தச் சமயம் கிரேக்கத்தின் மேல் பெரும் ஆர்வம். பிளேட்டோவின் உரையாடல்களைப் பெண்கள் வாசிக்க, அதற்குப் பின்னணியாக சத்தியின் இசை என்று யோசனை தொடங்கியது. எழுத எழுத அது வளர்ந்து, குரலும் சின்ன ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த 'சோக்ராத்' ஆயிற்று. நடுவில் சத்தி ஒரு விமரிசகருக்குத் திறந்த அஞ்சலட்டையில் வசவு எழுதி அனுப்பப்போய், வழக்கு, எட்டு நாள் சிறைத் தண்டனை, நஷ்டஈடு என்று மாட்டிக்கொண்டார். வின்னரெட்டா பணம் கொடுத்து உதவினார். சத்தி 1918இல் படைப்பை முடித்தார். கேலியும் விளையாட்டுமாக அறியப்பட்ட சத்தி, சாக்ரடீஸ் விஷம் குடித்து இறக்கும் காட்சியை எந்த மிகையும் இல்லாமல், குரலே உயராமல் எழுதியிருக்கிறார். 1920இல் பொது அரங்கில் வாசித்தபோது சிலர் சிரித்தார்களாம். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் போன்றவர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வின்னரெட்டா கேட்டிருக்காவிட்டால் சத்தி இதை எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குள் இருந்த கனத்தை அவரிடமிருந்து கேட்டுப் பெற ஒருவர் தேவைப்பட்டார்.

1923 ஜூன் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு பியானோக்களும் தாள வாத்தியங்களும் பாடகர் குழுவுமாக ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய 'லே நோஸ்' மேடையேறுவதற்குச் சில நாட்கள் முன்னால் வின்னரெட்டாவின் வீட்டில் முன்னோட்டமாக ஒலித்தது. அதே மாதம் 25ஆம் தேதி, ஸ்பெயினின் மானுவெல் தெ ஃபாயாவிடம் ஐந்து வருடம் முன்பு அவர் கேட்டிருந்த பொம்மலாட்ட இசைநாடகம் அதே கூடத்தில் மேடையேறியது. 'டான் கிஹோத்தே' கதையில் வரும் பொம்மலாட்டக் காட்சிதான் கரு. பொம்மலாட்டம் பார்க்கும் கிஹோத்தே அதை நிஜம் என்று நம்பி வாளை உருவிப் பொம்மைகளை வெட்டுவான். ஃபாயா அதைப் பொம்மைகளுக்குள் பொம்மைகள் என்று அமைத்தார்: பெரிய பொம்மைகள் பார்வையாளர்கள், சின்னப் பொம்மைகள் அவர்கள் பார்க்கும் நாடகம். நூறு வருடமாக ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ரா மறந்துவிட்ட, பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டை உள்ளே கொண்டுவந்தார். வாசித்தவர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. அதைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஃபிரான்சிஸ் பூலாங்கிடம், ஹார்ப்சிகார்டை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் கான்செர்ட்டோ ஒன்றை எனக்கும் எழுதிக் கொடு என்று லாண்டோவ்ஸ்கா கேட்டார், அவரும் எழுதினார். அந்தக் கூடத்தில் ஒரு இசை இன்னொரு இசைக்கு வித்திட்டது இப்படித்தான்.

பூலாங்கிடமும் வின்னரெட்டா இரண்டு முறை கேட்டார். இரண்டு பியானோக்களுக்கான கான்செர்ட்டோ 1932 செப்டம்பரில் வெனிஸில் ஒலித்தது. ஆர்கன் கான்செர்ட்டோவுக்குத்தான் நான்கு வருடம் ஆயிற்று. வீட்டில் இருந்த, கவாயே-கோல் தயாரிப்பான ஆர்கனில் தானே வாசிக்கும் அளவுக்கு எளிமையாக ஒன்று வேண்டும் என்று முதலில் ஜான் ஃபிரான்சேயிடம் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். பூலாங்க் ஒப்புக்கொண்டார். ஆனால் இடையில் நெருங்கிய நண்பர் ஒருவர் விபத்தில் இறந்து, பூலாங்க் மறுபடி மத நம்பிக்கைக்குத் திரும்பி, படைப்பு இருண்டும் கனத்தும் போய்விட்டது. எளிமையாக இருக்கவில்லை. வின்னரெட்டா குறை சொல்லவில்லை. 1938 டிசம்பர் 16 அன்று அவர் கூடத்தில் மொரீஸ் துரூஃப்ளே ஆர்கன் வாசிக்க, நதியா பூலான்ஜே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார். பெண்கள் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துவது அபூர்வமாக இருந்த காலத்தில், பூலான்ஜேவுக்குத் தொடர்ந்து அந்த மேடையைக் கொடுத்தவர் வின்னரெட்டா. ஜெர்மேன் தாயிஃபேர் என்ற பெண் இசையமைப்பாளரிடம் பியானோ கான்செர்ட்டோ கேட்டவரும் அவரே. நாஜிகளிடமிருந்து 1933இல் தப்பி பாரிஸுக்கு வந்த கர்ட் வைலின் இரண்டாவது சிம்பொனி, மியோவின் இசைநாடகம், மார்கெவிச்சின் பார்ட்டிட்டா என்று இந்தப் பட்டியல் இன்னும் போகும். நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அவருடைய உறவினர் ஒருவரின் திருமணம்கூட இசைக்குப் பயன்பட்டது. எட்மோனின் குடும்பத்தைச் சேர்ந்த பியேர் தெ பொலின்யாக் 1920இல் மொனாக்கோவின் இளவரசி ஷார்லட்டை மணந்தார். அந்த உறவு வழியாக, எப்போதும் கடனில் தத்தளித்த டியாகிலெவின் குழுவுக்கு மொனாக்கோவின் மான்டி கார்லோவில் குளிர்காலம் முழுக்கத் தங்கி ஒத்திகை பார்க்க நிலையான இடம் கிடைத்தது.

ஆள் எப்படி? பேச்சு குறைவு. சிரிப்பு இன்னும் குறைவு. முகத்தோற்றம் கவிஞர் தாந்தேயைப் போல இருக்கும் என்பார்கள். கடைசிவரை அவருடைய பிரெஞ்சில் ஆங்கில வாடை போகவில்லை. சிறு செலவில் கணக்குப் பார்ப்பவர், பெரிய செலவில் பார்க்காதவர். சிங்கர் என்ற பெயர் பொலின்யாக் என்ற பெயருக்கு ஈடாகுமா என்று உறவினர் ஒருவர் சீண்டியபோது, காசோலையின் அடியில் எழுதினால் ஈடாகும் என்று பதில் சொன்னாராம். ஓவியர் ரொமேன் ப்ரூக்ஸ், எழுத்தாளர் வயலெட் ட்ரெஃபூசிஸ் ஆகியோரோடு அவருக்குக் காதல் இருந்தது. பாரிஸில் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் ஒளிக்கவும் இல்லை, பேசிக்கொண்டிருக்கவும் இல்லை.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அந்தக் கூடத்தின் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பிரபுக்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும். ஆர்க்கேயில் சத்திக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த தொழிலாளி அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. தவணை கட்டி மெஷின் வாங்கிய லட்சக்கணக்கான பெண்களின் காசில் நடந்த இசையை முதலில் கேட்டவர்கள் நூறு சீமான்கள் என்பது உண்மைதான். அந்த இசை பின்னால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்பதால் இந்த ஆட்சேபம் இல்லாமல் போய்விடாது.

ஆனால் அவருடைய பணம் அந்தக் கூடத்தோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1911இல் பாரிஸின் 13ஆம் வட்டாரத்தில் ஏழைத் தொழிலாளர்களுக்காகக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார். முதல் உலகப்போரில் மேரி கியூரி எக்ஸ்-ரே கருவிகளை வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பியபோது, பணக்கார வீட்டுக் கார்களை அதற்கேற்ற வண்டிகளாக மாற்ற உதவினார். அப்புறம் ஏழைகளுக்கு உதவும் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனை. வீடில்லாதவர்களுக்கான அவர்களுடைய மூன்று திட்டங்களுக்குப் பணம் கொடுத்தார், மூன்றையும் லெ கொர்பூசியேயிடம் கொடுக்கச் செய்தார். நம் சண்டிகரை வடிவமைத்த அதே லெ கொர்பூசியே. அன்று அவரைப் பெரிய கட்டடத்துக்கு நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்த மூன்றில் பெரியது 1933இல் 13ஆம் வட்டாரத்தின் கான்தாக்ரெல் தெருவில் திறந்த 'சிதே தெ ரெஃப்யூஜ்', நூற்றுக்கணக்கானோர் தங்கும் அடைக்கலம். வாசலில் இன்றும் சிங்கர்-பொலின்யாக் பெயர் இருக்கிறது. தெற்கு முகம் முழுக்க, திறக்கவே முடியாத ஒரே கண்ணாடிச் சுவர். உள்ளே காற்றை இயந்திரம் சுத்தம் செய்து, சூடாக்கி, குளிர்வித்து அனுப்பும் என்பது லெ கொர்பூசியேயின் திட்டம். பணம் போதாமல் குளிர்விக்கும் பகுதி கைவிடப்பட்டது. குளிர்காலத்தில் கட்டடம் அருமையாக இருந்தது. கோடையில் உள்ளே இருந்தவர்கள், முக்கியமாகத் தாய்களும் குழந்தைகளும், வெந்துபோனார்கள். லெ கொர்பூசியே விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். அதிகாரிகள் ஜன்னல் வைக்கச் சொன்னார்கள், பின்னால் வெயில் மறைப்புகளும் வந்தன. புதுமைக்குப் பணம் கொடுப்பவர் அதன் தோல்விக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார், அந்தத் தோல்வியை முதலில் அனுபவிப்பவர் பணம் கொடுத்தவர் அல்ல. வின்னரெட்டாவின் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தக் கோடையை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். திருத்தங்களுக்குப் பின் அந்த அடைக்கலம் இன்றும் இயங்குகிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது.

1928இல் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை நிறுவினார். கலை, இலக்கியம், அறிவியல் மூன்றுக்கும் உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம். 1939இல் இங்கிலாந்துக்குப் போனவர் போரால் பாரிஸுக்குத் திரும்ப முடியவில்லை. 1943 நவம்பர் 26 அன்று லண்டனில் இறந்தார், 78 வயது. டெவனில் டார்க்வே நகரில் உள்ள சிங்கர் குடும்பக் கல்லறையில், எட்மோனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அறக்கட்டளை அதே பாரிஸ் வீட்டில் இன்றும் இளம் இசைக்கலைஞர்களை ஆதரித்துக் கச்சேரிகள் நடத்துகிறது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பூலாங்கின் இரண்டு பியானோ கான்செர்ட்டோவில் தொடங்குங்கள். 1931இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் கேட்ட பாலித்தீவின் கமெலான் என்ற தாள வாத்தியக் குழு இசை அதன் முதல் பகுதியின் முடிவில் வந்து நிற்கும், நம் காதுக்கு அது அந்நியமாகத் தெரியாது. அடுத்து ஃபோரேயின் வெனிஸ் பாடல்கள். அதன்பின் ஆர்கன் கான்செர்ட்டோ, நல்ல ஒலிபெருக்கியில். சத்தியின் 'சோக்ராத்'தைக் கடைசியாக வையுங்கள். அரை மணி நேரம்தான், ஆனால் வேறு வேலை எதுவும் செய்யாமல், வரிகளின் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.